அக்காவின் வலது, தங்கச்சியின் இடது

எங்கள் அலுவலகத்தின் பெயர்ப் பலகையை எழுதி முடிப்பதற்குள் பெயிண்டருக்கு இரண்டு முறை டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீளம். மாநில அரசின் பன்னாட்டு வணிக மற்றும் ஏற்றுமதி மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகம். நான் அதற்கு ஜீப் ஓட்டுகிறவன். ஒருங்கிணைப்பு என்றால் என்னவென்று மேடத்தைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் அலைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தொழில் துறை கீழ்த்தளத்தில் இருந்தது. தரச் சோதனைக்கூடம் முதல் மாடி, துறைமுகத்து ஆட்கள் அதற்கு மேல். ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு, ஒரே டீக்காரர். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். இவர் சொன்னதை அவரிடம் கொண்டுபோய், அவர் திட்டியதை இவர் காதுக்கு இதமாக மாற்றிக் கொண்டுவருவதுதான் ஒருங்கிணைப்பாளரான மேடத்தின் உத்தியோகம். கோபித்துக்கொண்ட சம்பந்திகளுக்கு நடுவே ஓடுகிற வேலைதான், சம்பளம் மட்டும் அரசாங்கம் கொடுத்தது.

கையுறைக்காரர்கள் வீட்டுக்கு முதன்முதலில் போனதும் அந்த வேலையாகத்தான். தோலில் கையுறை தைக்கிற வீடு. நீளமான ஓட்டுக் கூடம், அதன் நடுவே குறுக்காக ஒரு செங்கல் சுவர். சுவர் ஆளுயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றிருந்தது. கூரைவரை எழுப்பச் செங்கல் போதவில்லையா, கோபம் போதவில்லையா என்று தெரியாது. இந்தப் பக்கம் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அந்தப் பக்கம் தங்கச்சி, கலியாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், கூலிக்குத் தைக்க வரும் இரண்டு பெண்களோடு. அக்காவின் வாசல் முன் தெருவில், தங்கச்சியின் வாசல் பின் தெருவில். ஒருத்தியைப் பார்த்துவிட்டு அடுத்தவளைப் பார்க்க ஜீப்பைக் கிளப்பி ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும்.

அந்த வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அக்காவின் வீட்டுக்காரர்தான் வெட்டுக்காரர். தோலை மேசையில் விரித்து, ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் இழுத்தால் கொடுக்கிறது, எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் அச்சை வைத்து வெட்டுவார். அக்கா உட்புறம் வெளியே இருக்கும்படி தைப்பாள். தைத்து முடித்ததும் ஒரு மரக்குச்சியை விட்டு ஒவ்வொரு விரலாகத் திருப்ப வேண்டும். கடைசியில், சூடாக நிற்கும் இரும்புக் கையில் மாட்டி இழுத்துவிட்டால் சுருக்கமெல்லாம் போய்க் கையுறை நிமிர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் கூடம் முழுக்க ஈரத்தோல் வாடை அடிக்கும். வெட்டுக்காரர் தோலுக்குப் பூசணம் பிடிக்காமல் கரி அடுப்பை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டே இருப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி யாரும் இடம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்திருக்கமாட்டார்கள்.

சுவர் வந்த கதையை வெட்டுக்காரரே ஒருநாள் ஜீப் ஓரமாக நின்று சொன்னார். அப்பா போன பிறகு சகோதரிகள் இருவரும் ஒன்றாகத்தான் தைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கம்பெனி, தைத்துக் கொடுங்கள், பேர் மட்டும் எங்கள் பேர் போட்டுக்கொள்கிறோம் என்று வந்தது. அக்கா சரி என்றாள். தங்கச்சி, நம்ம கைக்கு அவன் எதுக்குப் பேர் வைக்கணும் என்று கேட்டாள். பேச்சு முற்றியது. அந்த வாரமே கொத்தனார் வந்துவிட்டார். பிறகு கம்பெனி ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு குற்றம் சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்ப, அக்கா அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தாள். தங்கச்சி சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. அதைப் போய்ச் சொல்வதற்குப் பதில் அக்கா நாக்கைக் கடித்துத் துப்பிவிடுவாள். சுவர் அப்படியே இருந்தது.

இனி நடந்ததற்கெல்லாம் காரணம் மேடம் செய்த ஒரு தப்பு. தப்பு என்று மேடமே சொன்னார், நான் சொல்லவில்லை.

கையுறைத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரிக்கு என்று கொடுப்பது ஒற்றைக் கைதான், அதுவும் வலது கை. சோடியாகக் கொடுத்தால் வாங்கிப் பார்க்கிறவர் வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொள்வார், திரும்பி வராது. ஒற்றைக் கையை வைத்து யார் என்ன செய்ய முடியும்? ஊரில் எல்லாரும் வலதைத்தான் கொடுப்பார்கள், தங்கச்சியைத் தவிர. சுவர் எழுந்த நாளிலிருந்து அவள் இடதைத்தான் கொடுப்பாள். அக்காவுடையதோடு தன்னுடையது கலந்துவிடக் கூடாதாம்.

வெளிநாட்டில் ஒரு பெரிய வணிகக் கண்காட்சி வந்தது. மாநிலத்தின் சார்பில் ஒரு கடை போட்டார்கள். எல்லாத் தொழில்காரர்களிடமும் மாதிரிகளை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு மேடம் விமானம் ஏறினார். அங்கே பிரித்து அடுக்கும்போது பார்த்தால் ஒரு வலது, ஒரு இடது. ஒரே நிறத் தோல். கட்டைவிரலைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துத் தைத்திருக்கும் அதே கை. அது அவர்கள் அப்பா பழக்கிய தையல் என்று மேடத்துக்கு எப்படித் தெரியும்? பேர் எழுதிய சீட்டு ஒன்று எங்கோ விழுந்துவிட்டது, இது ஒரே சோடி என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கட்டி முன்னால் வைத்துவிட்டார்.

அதை ஒரு அம்மாள் எடுத்து மாட்டினார். தோட்டத் தொழிலாளிகளுக்குச் சாமான் விற்கிற பெரிய கடைகளுக்குச் சொந்தக்காரர். மாட்டியவர் கழற்றவே இல்லை. கண்காட்சி முழுக்க அந்தக் கையோடு நடந்து, டீயும் அந்தக் கையோடு குடித்துவிட்டுத் திரும்பி வந்தாராம். செடி கவாத்துச் செய்கிறவர்களுக்கு வலது கையில் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் இருக்கும், அதற்கு விறைப்பான உறை வேண்டும். இடது கை இலைக்குள் நுழைந்து கிளையைத் தேட வேண்டும், அதற்கு நெகிழ்வான உறை வேண்டும். இத்தனை வருஷத்தில் இதை யோசித்துத் தைத்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். யாரும் யோசிக்கவில்லை. அக்கா இரட்டைத் தையல் போட்டு இறுக்குகிறவள், தங்கச்சி ஒற்றைத் தையலில் விட்டுக்கொடுத்துத் தைக்கிறவள், அவ்வளவுதான் விஷயம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் மேடம் என்று கேட்டேன். மேடம் என்னை முறைத்தார்.

பெரிய ஆர்டர். எங்கள் அலுவலகம் பலகை மாட்டிய நாளிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை. தைக்கிற இடத்தை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

ஊர் திரும்பி மாதிரி வாங்கிய கணக்கைப் பார்த்தபோதுதான் அது இரண்டு பேர் தைத்தது என்று மேடத்துக்குத் தெரிந்தது. முதலில் அக்காவிடம்தான் போய் உண்மையைச் சொன்னார். இரண்டு கையையும் நீங்களே தைத்துவிடுங்கள், இடதை மட்டும் ஒற்றைத் தையலில் போடுங்கள் என்று வழியும் சொன்னார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எடது கை அவ தெச்சது மேடம். அத காட்டி வந்த ஆர்டர நான் எப்படி முழுசா வாங்குவேன்? அவளோட பேசமாட்டேன், சரி. அதுக்காக அவ சோத்துல கை வைப்பனா?"

பின் தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போனோம். தங்கச்சி இரும்புக் கையில் உறையை மாட்டி இழுத்தபடியே கேட்டுக்கொண்டாள். அவளும் ஏறத்தாழ அதையேதான் சொன்னாள். கூடவே, அக்காவின் தையல் எருமைத் தோலாட்டம் இருக்கும், அதைத் தன்னால் தைக்க முடியாது என்று ஒரு குத்தும் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

டைரக்டர் காதுக்கு விஷயம் போனது. எங்கள் டைரக்டர் கெட்டவர் இல்லை, கசங்காதவர். சட்டை, பேச்சு, திட்டம் எதுவும் கசங்கக் கூடாது. வெளிநாட்டுக்காரர் முன்னால் குடும்பச் சண்டையைக் காட்டினால் மாநிலத்தின் மானம் என்ன ஆவது என்று கேட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேர், சுவரில் ஒரு வழி திறந்து இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். முடியாதென்றால் ஆர்டர் கம்பெனிக்குப் போகும், சகோதரிகள் அங்கே போய்த் தைத்துக் கூலி வாங்கிக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டார். மறுநாளே கொத்தனாரையும் அனுப்பினார். கொத்தனார் முன் வாசலில் போய் நின்றார். அக்கா டீ கொடுத்து, சுவரைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி அனுப்பினாள். சுற்றிக்கொண்டு பின் வாசலுக்குப் போனார். அங்கேயும் டீ, அங்கேயும் அதே பேச்சு. உளியை உறையிலிருந்து எடுக்காமலே வயிறு நிறைய டீயோடு திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் மேடம் மறுபடி அக்கா வீட்டுக்குப் போனார். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவும் வெட்டுக்காரரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எங்களையும் விடவில்லை, சுடச்சுட ரொட்டியும் அவித்த முட்டையும் நறுக்கிய வெங்காயமும் தட்டில் வந்தன. வெட்டுக்காரர் வலது தோளைத் தொங்கவிட்டு இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அச்சை அழுத்தி அழுத்தி அந்தத் தோள் இறங்கிப்போயிருந்தது.

"கம்பெனிக்கே போயிரலாம்," என்றார் தட்டைப் பார்த்தபடி. "அங்க வெட்டறதுக்கு மெஷின் இருக்கு. எனக்கும் வயசாகுது. நீங்க ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டு நிக்கறதுக்கு என் தோள்தான் கெடைச்சுதா?"

அக்கா முட்டையை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தாள். மேடமும் நயமாகப் பேசிப் பார்த்தார். ஒரு கதவுதானே அக்கா, அந்த அம்மாள் வந்துவிட்டுப் போனதும் அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கே அது சமாதானமாகத்தான் பட்டது. அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"ஏங்க, நீங்களும் கேளுங்க. நான் ஒரு தடவ அந்தக் கம்பெனிக்குத் தெச்சுக் குடுத்துட்டேன். கடையில நான் தெச்சத நானே பாக்கறேன், எவன் பேரோ போட்டிருக்கு. பெத்த புள்ளைய பக்கத்து வீட்டுக்காரி இடுப்புல பாத்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவ பண்ணமாட்டேன். உங்க தோளுக்கு ஆள் வச்சுக்கலாம். என் கைக்கு ஆள் வைக்க முடியாது."

பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"கதவும் தெறக்கமாட்டேன் மேடம். அவளும் தெறக்கமாட்டா. ஒத்துமையா இருக்கறவங்கதான் பொழைக்கணும்னு ஏதாவது சட்டம் போட்டிருக்கீங்களா? சண்டை போட்டவங்களுக்கும் வயிறு இருக்குல்ல? உங்க கட்டடத்துல யார் யாரோட பேசறாங்க, சொல்லுங்க பாப்போம். அங்க எத்தன சுவத்த இடிச்சீங்க?"

மேடம் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஜீப்பில் வெகுதூரம் போன பிறகு தானாகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

அந்த அம்மாள் வந்த அன்றும் மழைதான். டைரக்டர் அவரை நேராகக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கதவு, பூச்சாடி, குளிர்ந்த அறை. தாம்பாளத்தில் ஒரு சோடி கையுறையை வைத்து நீட்டினார்கள். வலது விறைப்பு, இடது நெகிழ்வு, எல்லாம் பார்த்துச் செய்ததுதான். அம்மாள் மாட்டினார், விரல்களை மடக்கினார், நீட்டினார், கழற்றித் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டார். நான் பார்த்தது வேறு, அதைத் தைத்தவர்கள் யார் என்று கேட்டார். மேடம்தான் மொழிபெயர்ப்பு. இவங்கதான் என்று சொல்லுங்கள் என்றார் டைரக்டர். மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார், நல்ல சளி பிடித்தவர் மாதிரி. சொல்லவேயில்லை. டைரக்டர் அவசரமாக, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று எல்லாரையும் கிளப்பினார்.

அம்மாளும் மேடமும் என் ஜீப்பில் ஏறினார்கள். டைரக்டரும் கம்பெனி முதலாளியும் பின்னால் காரில். முக்கு வந்ததும் மேடம் சொன்னார்: "ஹோட்டல் வேணாம். கையுறைக்காரங்க வீட்டுக்கு விடு."

"டைரக்டர் சார் மேடம்..."

"பின்னாடிதான வர்றாரு? வழி தெரிஞ்சுக்கட்டும்."

நான் வண்டியைத் திருப்பினேன். வேலை போனால் என்ன, லாரி ஓட்டினால் இதைவிட நல்ல சாப்பாடு. பின்னால் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் வழிவிடவில்லை.

பின் தெருதான் முதலில் வந்தது. தங்கச்சி திகைத்துப்போய் எழுந்தாள், ஆனால் கையிலிருந்த உறையைக் கீழே வைக்கவில்லை. மேடம் விஷயத்தைச் சொன்னதும் இடது கை உறை ஒன்றை நீட்டினாள். அம்மாள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கிக் காட்டி, இதற்கு எங்கே என்று கேட்டார். தங்கச்சி சுவரைக் காட்டினாள். வழி எங்கே என்று அம்மாள் தேடினார். வழி இல்லை, இப்படித் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று மேடம் சொல்ல, அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு எல்லாரும் நடந்தோம். டைரக்டரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். கால்சட்டையில் சேறு அடித்திருந்தது. அவரை அப்படிக் கசங்கிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்கா வலது கை உறையை எடுத்து நீட்டினாள். அதையும் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் கூடத்துக்கு நடுவே தூக்கிப் பிடித்துப் பார்த்தார் அம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நொடியே சுவரைக் காட்டி ஏதோ கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் முந்திக்கொண்டார். தீ விபத்து வந்தால் பரவாமல் இருக்க அரசு விதிப்படி கட்டிய தடுப்புச் சுவர் என்று சொல்லச் சொன்னார்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. "என் தங்கச்சியும் நானும் பேசறதில்ல. அதுக்குக் கட்டுன சுவரு. அத அப்படியே சொல்லுங்க மேடம், ஒரு வார்த்த மாத்தாம."

மேடம் அப்படியே சொன்னார். டைரக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி முதலாளி இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார். நியாயமான கேள்வியைத்தான் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருத்தி வலது மட்டும், ஒருத்தி இடது மட்டும். நடுவில் ஒருத்தி கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டால் மற்றவள் தைத்தது முழுக்கக் குப்பைதானே? ஒற்றைக் கையை யார் வாங்குவார்கள்? அம்மாளுக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மேடத்திடம் மெதுவாகக் கேட்டார். மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உங்க தங்கச்சி பாதியில விட்டுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க."

வெட்டுக்காரர் அச்சைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அக்கா யோசிக்கவே இல்லை.

"அவ என்னத்தான் விட்டா. வேலைய விட்டதில்ல."

மேடம் அதை மொழிபெயர்த்து முடிக்க ஒன்றுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கினார். அம்மாள் உறை போட்ட இரண்டு கையையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு ஆர்டர் எழுதச் சொல்கிறார், வலது அக்கா பேரில், இடது தங்கச்சி பேரில் என்றார் மேடம்.

"முடியாது," என்றார் டைரக்டர். "இந்த மாதிரி இதுக்கு முன்னாடி நாம யாருக்கும் செஞ்சதில்ல. துறைமுகம் ஒத்துக்காது, சோதனைக்கூடம் ஒத்துக்காது. எல்லாரையும் யாரு கேக்கறது?"

"நான் கேக்கறேன் சார். தெனமும் அதத்தான செய்யறேன்? அந்தக் கட்டடத்துல பேசிக்காத இத்தன பேர வச்சுக்கிட்டு சரக்கு அனுப்பறோம். இங்க ரெண்டே பேருதான்."

டைரக்டர் அம்மாளைப் பார்த்தார், சேறு படிந்த தன் காலைப் பார்த்தார். அம்மாள் ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டிருந்தார், உறையைக் கழற்றாமலே. கம்பெனி முதலாளி குடையைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

அப்போதுதான் சுவருக்கு மேலாகத் தங்கச்சியின் குரல் வந்தது.

"மேடம், அங்க இருக்கறவகிட்ட சொல்லுங்க. இந்தத் தடவையாவது கட்டைவிரல் தையல் நேராப் போகட்டும்னு."

அக்கா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "மொதல்ல அவளை நூல மாத்தச் சொல்லுங்க மேடம். அந்த நூல் மழைக்குத் தாங்காது."

"தாங்கும்னு சொல்லுங்க."

"தாங்காதுன்னு சொல்லுங்க."

மேடம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எதை யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் விழித்தார். அம்மாளுக்குக் கவலை வந்துவிட்டது, பேனாவை நிறுத்தி, மறுபடியும் சண்டையா, என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்கிற மாதிரி மேடத்திடம் ஏதோ கேட்டார். மேடம் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அம்மாள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது அப்படி என்ன சொன்னீர்கள் மேடம் என்று கேட்டேன்.

"வேலைய ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொன்னேன்," என்றார்.